போதகரைத் தேர்ந்தெடுக்கும்போது பிரசங்கத்தைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

எளிய விசுவாசி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைப் போதகர் ஓய்வு பெறுகிறார். அடுத்தவரைத் தேடும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை நடந்த கூட்டங்களில் பேச்செல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். யார் நன்றாகப் பிரசங்கிக்கிறார், யாருடைய வீடியோவை அதிகம் பேர் பார்க்கிறார்கள், யார் வந்தால் வாலிபர்கள் கூடுவார்கள். "அவர் வீட்டில் எப்படி, பண விஷயத்தில் எப்படி, கோபம் வந்தால் எப்படி என்று விசாரிக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவே உள்ளது, நாம் யாரையும் நியாயந்தீர்க்கக் கூடாது" என்று மூத்தவர் ஒருவர் பேச்சை முடித்துவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் எதை விசாரிக்க வேண்டும், யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரோயா வாசகர்:

பிரதர், நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களையும், தீத்து 1-ஆம் அதிகாரத்தில் 5 முதல் 9 வரையும் குழுவில் எல்லாரும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். கண்காணியானவன், அதாவது சபையை நடத்துகிறவன், குற்றஞ்சாட்டப்படாதவனாக இருக்க வேண்டும், ஒரே மனைவியை உடையவன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், அடிக்கிறவனாக இருக்கக் கூடாது, சண்டைபண்ணாதவன், பண ஆசையில்லாதவன். இப்படியே போகிறது. இவ்வளவு நீளமான பட்டியலில் திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: போதகசமர்த்தன், அதாவது போதிக்கத் திறமையுள்ளவன். மற்ற எல்லாமே அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைப் பற்றியவை. உங்கள் குழு அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஆண்டவரிடம் விட்டுவிட்டது.

மீதியை ஆண்டவரிடம் விடச் சொல்லி பவுல் எழுதவில்லை. தன் உடன் ஊழியர் தீமோத்தேயு பார்த்து, விசாரித்து, அறிந்து முடிவெடுக்க வேண்டும் என்றுதான் எழுதினார். அதே நிருபத்தில், "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்றும் சொல்கிறார். அவசரப்பட்டு அபிஷேகம் பண்ணாதே என்பதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது. சிலருடைய பாவம் முன்னாலேயே தெரிந்துவிடும், சிலருடையது பின்னால்தான் தெரியவரும். பின்னால் தெரியவருவதைப் பார்க்கக் காலம் வேண்டும்.

குற்றஞ்சாட்டப்படாதவன் என்றால் பாவமே செய்யாதவர் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அப்படி ஒருவரும் கிடைக்க மாட்டார். யாராவது அவர்மேல் ஒரு பழியைச் சொன்னால், அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்கள் "இருக்காதே" என்று சொல்லும்படி அவர் நடந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. அது சாதாரணமாக வந்துவிடுவதும் இல்லை.

கிருபையின் மகள்:

எங்கே விசாரிக்க வேண்டும் என்பதற்கு அதே பகுதியின் ஏழாம் வசனம் போதும்: "புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாயுமிருக்கவேண்டும்." சபைக்கு வெளியே உள்ளவர்களிடம் கேளுங்கள். குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், முன்பு வேலை பார்த்த இடத்தில் கூட இருந்தவர்கள், அவருடைய வீட்டில் வேலை செய்தவர்கள். விசுவாசிகளிடம் கேட்டால் பெரும்பாலும் மேடையில் பார்த்ததைத்தான் சொல்வார்கள். வாடகை நேரத்துக்குக் கொடுத்தாரா, வாங்கிய கடனைத் திருப்பினாரா, தனக்குக் கீழே உள்ளவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்பது வெளியே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஜெபவீரன்:

மன்னிக்கவும், இந்த இழை போகிற திசை எனக்குப் பயமாக இருக்கிறது. போதகரைத் தேடுகிறோமா, குற்றவாளியைத் தேடுகிறோமா? "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும், என்னுடைய தீர்க்கதரிசிகளுக்குத் தீங்குசெய்யாமலும் இருங்கள்" என்று வேதம் சொல்கிறது. தாவீது விழுந்தார், பேதுரு மறுதலித்தார், ஆனாலும் தேவன் அவர்களைப் பயன்படுத்தினார். எபிரெயர் 13:17-இல் நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று இருக்கிறது. ஊழியக்காரரைக் கேள்வி கேட்டே சிதறிப்போன சபைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல போதகர்கள் மனமுடைந்து ஊழியத்தை விட்டே போயிருக்கிறார்கள்.

பெரோயா வாசகர்:

ஜெபவீரன் பிரதர், நல்ல போதகர்கள் வீண் பழியால் நொறுங்கிப்போவது உண்மை. அந்த வேதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் மூப்பர்மேல் வரும் பிராதை (புகாரை) இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்க வேண்டாம் என்று 1 தீமோத்தேயு 5:19 பாதுகாப்பு கொடுக்கிறது. ஆனால் அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். பாவம் செய்தவர்களை மற்றவர்களுக்குப் பயம் உண்டாகும்படி எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது. பாதுகாப்பும் கண்டிப்பும் பக்கத்துப் பக்கத்து வசனங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

நீங்கள் காட்டிய சங்கீதம் 105-ஐ முழுவதும் பாருங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, ஜாதிக்கு ஜாதி அலைந்த காலத்தைப் பற்றிப் பேசுகிறது. பலமுள்ள ராஜாக்கள் பலமில்லாத அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் தடுத்தார். அந்த வார்த்தை பலவீனருக்கு அரணாக வந்தது. இன்று மேடையும் மைக்கும் காணிக்கைப் பெட்டியும் யார் கையில் இருக்கிறதோ அவரே அதை எடுத்து, கேள்வி கேட்கும் விதவையின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறார். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பதைக்கிறது.

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது தொடவில்லை என்பார்கள். தொடவில்லை, கொல்லவில்லை. ஆனால் கெபியை (குகையை) விட்டு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, நீர் என்னை அநியாயமாய் வேட்டையாடுகிறீர் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதே தாவீது ராஜாவாகிப் பாவம் செய்தபோது நாத்தான் அவர் முகத்துக்கு நேரே, நீயே அந்த மனுஷன் என்றார். அந்தியோகியாவில் பேதுரு தவறாக நடந்தபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார், அதை கலாத்தியருக்கு எழுதியும் வைத்தார். சபையில் முதன்மையாயிருக்க விரும்பிய தியோத்திரேப்புவை யோவான் தன் மூன்றாம் நிருபத்தில் பேர் சொல்லியே எழுதுகிறார். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தனக்குப் பிடிக்காதவர்களைச் சபைக்குப் புறம்பே தள்ளினார். இன்றைக்கும் இதைப் பார்க்கிறோம்.

மேய்ப்பன் பணியில்:

நானும் ஒரு போதகர்தான். இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

விழுகை பெரிய சத்தத்தோடு ஆரம்பிப்பதில்லை. ஜெபிக்காமலே "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்வது, வேறொருவருடைய பிரசங்கத்தை எடுத்துத் தனக்கு வந்த வெளிப்பாடு போலப் பேசுவது, வசதியான வீட்டுக்கு அடிக்கடி போய் ஏழை வீட்டுக்கு வருஷம் ஒருமுறை தலைகாட்டுவது. இவற்றை யாரும் கேட்க மாட்டார்கள். யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மின்னுகிற வஸ்திரம் தரித்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியும் கொடுப்பதைக் கண்டித்தது விசுவாசிகளுக்கு மட்டும் என்று போதகர்கள் நினைக்கக் கூடாது. யாருடைய ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு முதலில் போகிறோம் என்பதில் எங்கள் உள்ளம் வெளிப்பட்டுவிடும்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் காணிக்கையை எண்ணுவதில்லை, தொடுவதும் இல்லை. சபை நியமித்த இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு வங்கியில் கட்டுகிறார்கள். காசோலையில் என் கையெழுத்து கிடையாது. என்னை நம்பவில்லை என்பதற்காக அல்ல, நானே கேட்டு வைத்த ஏற்பாடு இது. எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்குப் பணம் சேர்த்தபோது பவுல் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனையும் கூட அனுப்ப ஏற்பாடு செய்தார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்லிவிட்டார். பவுலுக்கே அது தேவைப்பட்டது என்றால் நான் எம்மாத்திரம்?

சாமுவேலை நினைத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த வயதில் ஜனங்கள் முன் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டார். பணி முடிந்து போகிற ஒவ்வொரு போதகரும் அப்படிக் கேட்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது மறுபக்கம். குழுவில் உள்ளவர்கள் மனம் நோகாமல் கேளுங்கள். போதகருக்குப் பண ஆசை இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக்கூடப் போதாத சம்பளம் கொடுக்கும் சபைகள் உண்டு. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான் என்பதும் அதே 1 தீமோத்தேயுவில்தான் இருக்கிறது. நீங்களே அவரைக் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளிவிட்டு, அப்புறம் பணக்கார விசுவாசி ஒருவருக்கு அவர் கடமைப்பட்டுவிட்டார் என்று குறை சொல்வது நியாயம் இல்லை.

ஞாயிறு பள்ளி ஆசிரியை:

மேய்ப்பன் ஐயா, ஸ்தோத்திரம். ஆலோசனை கொடுப்பதைப் பற்றியும் சொல்லுங்களேன். பெண்கள் தனியாகப் பேச வரும்போது என்ன ஒழுங்கு வைத்திருக்கிறீர்கள்?

மேய்ப்பன் பணியில்:

சகோதரி, கதவில் கண்ணாடி உள்ள அறை, கட்டடத்தில் வேறு ஆட்கள் இருக்கும் நேரம், தேவைப்பட்டால் என் மனைவியோ மூத்த சகோதரி ஒருவரோ கூட இருப்பது. இரவில் வாட்சாப்பில் நீண்ட உரையாடல் வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரகாமும் அவருடன் இருந்தவர்களும் 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் கூடி, பணம், ஒழுக்கம், மற்ற சபைகளைப் பற்றிய பேச்சு, கூட்டக் கணக்கை ஊதிப்பெருக்காமல் சொல்வது என்று தங்களுக்குள் சில தீர்மானங்கள் செய்துகொண்டார்கள். தனிமையைத் தவிர்க்கும் வழக்கம் அங்கிருந்துதான் பலருக்குப் பழக்கமானது. அதில் நான்காவதாகச் சொன்னதை நாம் மறந்துவிட்டோம். நூறு பேர் வந்த கூட்டத்துக்கு ஆயிரம் பேர் என்று எழுதுவதும் ஒழுக்கக்கேடுதான்.

ஆனால் பெண்களைக் கண்டாலே விலகி ஓடுவதும் சரியல்ல. அதனால் அவர்களுக்கு மேய்ப்பனே இல்லாமல் போய்விடும். சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் இயேசு பேசினார், பட்டப்பகலில், யாரும் வரக்கூடிய இடத்தில்.

அப்புறம் இரகசியம் காப்பது. ஒருவர் கண்ணீரோடு சொன்னதைப் பெயர் மாற்றி அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க உதாரணமாக்குவதைப் போன்ற துரோகம் வேறு இல்லை. சபையில் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளிச்சத்தில் நட:

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். "இரண்டு மூன்று சாட்சிகள்" என்ற வசனம் மேலே வந்தது. பாலியல் துன்புறுத்தல் நடந்த இடங்களில் இந்த வசனத்தையே காட்டிப் பாதிக்கப்பட்டவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். மூடிய அறையில் நடந்ததற்கு மூன்று சாட்சிக்கு எங்கே போவாள் அந்தப் பெண்?

உபாகமம் 22-இல் வயல்வெளியில் பலவந்தம் செய்யப்பட்ட பெண்ணைப் பற்றிய சட்டம் இருக்கிறது. அங்கே சாட்சி யாரும் இல்லை. அவள் கூப்பிட்டிருப்பாள், அவளைக் காப்பாற்ற ஒருவரும் இல்லாமல் போயிற்று என்று வைத்துக்கொண்டு, ஒருவன் பிறன்மேல் எழும்பி அவனைக் கொன்றதற்கு அது சமானம் என்று சட்டம் சொல்கிறது. அவளுக்கு ஒன்றும் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. சாட்சி இல்லாத இடத்தில் பலவீனமானவள் பக்கம் நின்று விசாரிக்கத் தெரிந்த வேதத்தை வைத்து அவளை அடக்குவது கொடுமை.

குழந்தை சம்பந்தப்பட்ட புகார் என்றால் சபைக் கமிட்டி விசாரித்து முடிவெடுக்க வேண்டிய விஷயமே அல்ல. உடனே காவல்துறைக்குப் போக வேண்டும். ரோமர் 13 தீமை செய்கிறவனுக்கு எதிராக அதிகாரம் பட்டயத்தைப் பிடித்திருக்கிறது என்கிறது, தீமை செய்கிறவன் அங்கி போட்டிருந்தால் விலக்கு என்று சொல்லவில்லை. உங்கள் குழு புதியவரிடம் நேராகக் கேளுங்கள்: "இப்படி ஒரு புகார் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்?" சபையின் பெயர் கெடும் என்று பதில் ஆரம்பித்தால் அவர் வேண்டாம்.

ஜெபவீரன்:

இதை ஏற்றுக்கொள்கிறேன் சகோதரி. நான் சொன்னது வீண் வதந்தியைப் பற்றி. குற்றத்தை மூடச் சொல்லவில்லை.

போதகர் வீட்டுப் பிள்ளை:

யாரும் எங்கள் பக்கம் பேசாததால் எழுதுகிறேன். "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்ற வசனத்தின் பாரம் முழுவதும் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. என்ன உடுத்துகிறோம், யாரோடு பேசுகிறோம், பரீட்சையில் என்ன மதிப்பெண் என்று சபையே கணக்கெடுக்கும். சாமுவேலின் குமாரர் பரிதானம் வாங்கினார்கள், ஆனாலும் சாமுவேலைத் தேவன் தள்ளவில்லை. ஆசாரியனான ஏலியைக் குற்றப்படுத்தியது மகன்கள் கெட்டவர்களாக இருந்ததற்காக மட்டும் அல்ல, அவர்கள் பலிபீடத்தண்டையிலேயே அக்கிரமம் செய்வதை அறிந்தும் அவர் அடக்காமல் விட்டதற்காக. வளர்ந்த மகன் விசுவாசத்தை விட்டுப் போனான் என்பதற்காக ஒரு தகப்பனை ஊழியத்துக்குத் தகுதியற்றவர் என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் அவர் குரல் உயர்ந்தால் மனைவி நடுங்குகிறாரா என்று பாருங்கள். வசனம் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் அப்பா மேடையில் எப்படியோ வீட்டிலும் அப்படியே. சபையில் சண்டை நடந்த நாட்களில்கூட எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒருவரையும் பற்றிக் கசப்பாகப் பேசியதில்லை. அதனால்தான் நான் இன்னும் சபையில் இருக்கிறேன்.

புதிய ஆடு:

ஐயா, தலைப்பிலிருந்து விலகினால் மன்னியுங்கள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் பிறகு பெரிய பாவத்தில் இருந்தது தெரிந்து நீக்கப்பட்டார். அப்படியானால் என் ஞானஸ்நானம்? மறுபடி எடுக்க வேண்டுமா? பல நாளாக மனதில் இருக்கிறது.

சபை வரலாறு படிப்பவன்:

சகோதரனே, கலங்காதீர்கள். இதே கேள்வியை நூற்றாண்டுக்கணக்கில் விவாதித்திருக்கிறார்கள். 303-இல் டயோக்கிளேசியன் பேரரசர் வேதச்சுருள்களை ஒப்படைத்து எரிக்கக் கட்டளையிட்டார். வட ஆப்பிரிக்காவில் சில ஊழியக்காரர்கள் பயந்து ஒப்படைத்தார்கள். உபத்திரவம் ஓய்ந்த பிறகு, அப்படி ஒப்படைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் கைவைத்து ஏற்படுத்திய கார்த்தேஜ் பேராயர் செல்லாதவர் என்று ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்துஸ் என்ற தலைவரின் பெயரால் அவர்களை அழைக்கிறோம். 314-இல் இன்றைய பிரான்சில் உள்ள ஆர்லில் கூடிய சங்கம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. பின்னாளில் வட ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீன் இதற்கு விரிவாகப் பதில் எழுதினார். ஞானஸ்நானம் கொடுக்கிறவர் உண்மையில் கிறிஸ்துவே, ஊழியக்காரரின் கை அழுக்காக இருந்தாலும் அவருடைய ஈவு அழுக்காகாது என்பது அவர் வாதத்தின் சாரம். பெரும்பாலான சபைகள் இன்றும் அதையே பிடித்திருக்கின்றன. உங்கள் ஞானஸ்நானம் அந்த மனிதருடையது அல்ல.

ஆனால் இதை வைத்து "போதகர் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஒருவர் சொல்வார். ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் 26-ஆவது இதே விஷயத்தைச் சொல்கிறது. ஊழியக்காரரின் தீமையால் ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற நியமங்களின் பலன் கெடாது என்று சொல்லிவிட்டு, அதே பிரமாணத்தின் கடைசியில், அப்படிப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்க வேண்டும், குற்றம் உறுதியானால் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஜெபவீரன்:

நீக்கப்பட்டவர் மனந்திரும்பினால்? திபேரியா கடற்கரையில் பேதுருவிடம், என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று ஆண்டவரே சொன்னாரே.

பெரோயா வாசகர்:

மன்னிப்பு அன்றே கிடைக்கும், ஐக்கியமும் திரும்ப வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதவி வேறு. பேதுரு பயத்தில் ஓர் இரவு மறுதலித்து, வெளியே போய் மனங்கசந்து அழுதார். தன்னிடம் ஆறுதல் தேடி வந்தவர்களை வருஷக்கணக்கில் சூறையாடிவிட்டு, பிடிபட்ட பிறகு அழுகிறவரை நான் அந்த இடத்தில் வைக்க மாட்டேன். அவருக்குப் புறம்பானவர்களிடம் நற்சாட்சி போய்விட்டது. சிலருக்கு அது நீண்ட காலத்தில் திரும்பலாம், சிலருக்குத் திரும்பாமலே போகலாம். மூன்று மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேறு ஊரில் மேடை ஏறுவது மனந்திரும்புதல் அல்ல.

மேய்ப்பன் பணியில்:

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கோபத்தில் தவறியவர், சோர்ந்து கடமையை விட்டவர், இவர்களைச் சபை தாங்கி மீட்டெடுக்க முடியும், எடுக்க வேண்டும். ஆடுகளையே இரையாக்கினவர் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன்.

எளிய விசுவாசி:

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் எழுதிக் குழுவில் வைத்தேன். பேச்சை முடித்துவைத்தாரே, அந்த மூத்தவர்தான் 1 பேதுரு 5-ஐ எடுத்து வாசித்தார்: "சுதந்தரத்தை (ஒப்படைக்கப்பட்ட ஜனங்களை) இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாகவும்." மாதிரியாக இருக்க வேண்டியவரைப் பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அவரே கேட்டார்.

இப்போதைக்கு முடிவு இதுதான். பட்டியலில் உள்ளவர்கள் ஊழியம் செய்யும் சபைக்குப் போய், ஞாயிறு அல்லாத நாட்களில் சிலரைப் பார்க்கப் போகிறோம். முன்பு அவரோடு ஒத்துப்போகாமல் விலகியவர்களையும் சந்திப்போம். காணிக்கையை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்போம். அவருடைய மனைவி சம்மதித்தால், எங்கள் சகோதரிகள் இருவர் அந்த அம்மாவிடம் தனியாகப் பேசுவார்கள். சம்பளத்தை மறுபடி பார்க்கவும் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

மேய்ப்பன் பணியில்:

ஒன்று. அவர் உங்களை விசாரிக்கவும் இடம் கொடுங்கள். முந்தைய போதகர்களைச் சபை எப்படி நடத்தியது, கடந்த வருஷக் கணக்கு எங்கே, கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் பேச வேண்டும் என்று அவர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அப்புறம் அவரிடம் இதைக் கேளுங்கள்: அவர் செய்வது தவறு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் யார், கடைசியாக எப்போது சொன்னார், அதற்கு அவர் என்ன செய்தார். பெயர் சொல்ல வேண்டும் என்பதில்லை. பதில் சொல்ல அவருக்கு நேரம் கொடுங்கள்.